அம்மா கேட்ட லோரி

காய்கறி நிறையச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். தினமும் நடக்கவும் சொன்னார். அம்மா நாற்காலி நிறைய உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நான் அவளுடைய ஸ்வெட்டரையும் பையையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். எண்பதுகளின் கடைசி அது. மலைமேல் தானா ராத்தா டவுனில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் கோலாலம்பூர் பக்கமிருந்து வந்த நம்ம ஆள், சின்ன வயசு, கல்யாணம்கூட ஆகியிருக்காது.

"வாயைக் கட்டணும்மா. ஒங்க உடம்புக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு லோரி போனது. கோலா தெர்லா தோட்டங்களில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு, தாப்பா வழியாக மலையிறங்கி வெளியூருக்குப் போகிற லோரி. ரோட்டோரம் நடந்து வந்த ஒரு பெரியவர், ஒதுங்க இடமில்லாமல் சாக்கடைக்குள் காலை வைத்து நின்று வழிவிட்டார். டாக்டர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால், அவர் சொன்ன காய்கறி எங்கே போகிறது, அவர் சொன்ன நடையை எங்கே நடப்பது என்று இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. நல்லவர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவர் என்றால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். வெளியே வந்ததும் அம்மா, "பாவம், அந்தப் புள்ளைக்கு யாரு ஆக்கிப் போடுறாங்களோ, எலும்பா இருக்கு" என்றாள். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒட்டுக்கடையில் பசியாறினோம். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும் டின்பால் ஊற்றிய தேத்தண்ணியும். அங்கே விற்றது அதுதான்.

அந்த உடம்பு அம்மாவுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அது அவள் வாயால் மட்டும் வந்ததில்லை. கூடவே இருந்து பார்த்தவள் நான். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, இன்றைக்கு நானும் கனத்தவள்தான். கல்யாண வீடுகளில் யாராவது என் தட்டைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நடக்கலாம்லா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எஸ்டேட் ரோடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வேலையாட்கள் குடியிருக்க இரண்டு வரிசை வீடு, இரண்டு லயம் இருந்தன. ஒன்று மேல் லயம், ஒன்று கீழ் லயம். நாங்கள் கீழ் லயம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், எனக்கு நினைவு தெரியும் முன்பே மார்ச்சளியில் போய்விட்டார். அம்மா கொழுந்து எடுத்தாள். வீடு எஸ்டேட்டுடையது. வேலை இருக்கிறவரைதான் வீடு. வேலையாள் பெயர் எழுதும் செக்ரோலில் பெயரை அடித்துவிட்டால் அந்த மாசக் கடைசியில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அம்மாவுடையது மட்டும். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. லயத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அம்மா அப்போது ஒல்லி. சாதாரண ஒல்லி இல்லை. "கூடைய எறக்கி வச்சுடாதடி, காத்து தூக்கிட்டுப் போயிரும்" என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். ஒல்லியாக இருக்காமல் எப்படி இருக்கும்? விடியக்காலையில் மலைக்கு ஏறவேண்டும். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளவேண்டும். பிறகு நிறைந்த கூடையை முதுகில் போட்டுக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு இறங்கவேண்டும். சாயங்காலம் வந்தால் லயத்துக்குப் பின்னால் எங்களுக்கென்று இருந்த துண்டு நிலத்தில் குனியவேண்டும். அங்கே கீரைப் பாத்தி இருந்தது, சௌசௌ பந்தல் இருந்தது, பீன்ஸ் இருந்தது. ராத்திரி சோற்றோடு அதில் ஏதாவது ஒன்று இருக்கும். கறி என்பது தீபாவளிக்கு.

அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. ஈரத்தில் அட்டை கடிக்கும், குளிரில் விரல் வெடிக்கும், கீரையைத் தின்று தின்று எனக்கு அதன் வாடையே ஆகாமல் போனது. அம்மாவுக்கும் அந்த வாழ்க்கை மேல் ஒரு பிரியமும் இல்லை. வாய்த்தால் ஓடிவிடலாம் என்றுதான் எல்லாரும் இருந்தோம்.

எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொழுந்து எடுக்கிறவள் ஒருத்தி மாசமாக இருந்தால், நிறுவைக்குப் போகும் முன்னால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடிக் கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். மாசமானவள் மெதுவாகத்தான் எடுப்பாள், நிறை குறைந்தால் சம்பளம் குறையும், அதற்காக. கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். அவருடைய மனைவியும் ஒரு காலத்தில் அந்தக் கைப்பிடியில் பிள்ளை பெற்றவள்தானே. அம்மா போடும் கைப்பிடி பெரிதாக இருக்கும். "என் கை எலும்புக் கை, அதான் நெறைய புடிக்குது" என்பாள்.

பக்கத்து வீட்டில் இருந்தவளை நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை, ஆனால் சொந்தத்தைவிட அதிகம் எங்கள் வீட்டில் கிடந்தவள். அவள் தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்த சமயம், மழையில் கூடையோடு இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. கைப்பிடி போடத் தெரிந்த எங்களுக்கு அந்தப் பாதையை ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கீழ் லயத்துப் பெண்கள் எல்லாரும் பின்னால் போய் நின்றார்கள். துரைக்குக் கொஞ்சம் தமிழ் வரும். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"லோரி வேணுங்க தொரை" என்றாள் அம்மா. "நாங்க ஏறிப் போறதுக்கும், கொழுந்த எறக்கிட்டு வர்றதுக்கும். முதுகுல சொமக்கச் சொல்லாதீங்க. மாடுகூட இப்படிச் சொமக்காது."

துரை யோசித்தார். லோரி கொடுக்கலாம், ஆனால் ரோடு வேண்டும், ரோட்டுக்குச் சமமான இடம் வேண்டும் என்றார். அந்த மலையில் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான். லயத்துக்குப் பின்னால், எங்கள் பாத்திகள் இருந்த இடம்.

"சம்மதமா?" என்று கேட்டார்.

முதலில் "சம்மதம்" என்றது அம்மா. பிறகு மற்ற எல்லாரும். கீரையைப் பற்றி அப்போது யார் நினைப்பார்கள்? சின்னம்மா வீட்டில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நானே அங்கே இருந்திருந்தாலும் சம்மதம் என்றுதான் கத்தியிருப்பேன்.

ரோடு போட்டார்கள். லோரி வந்தது. மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். லோரி கேட்டது அம்மா. ஆரத்தி எடுத்தது கங்காணி மனைவி. தாலியறுத்தவள் முன்னால் நிற்கக் கூடாதென்று அம்மாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "எலுமிச்சம்பழம் நசுங்குனா போதும், யாரு வச்சா என்ன" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

அதற்கப்புறம் நடந்ததை ஒரே நாளில் யாரும் கவனித்திருக்க முடியாது. பெண்கள் காலையில் லோரியில் ஏறினார்கள், சாயங்காலம் லோரியில் வந்து வாசலில் இறங்கினார்கள். கொழுந்தைக் கொட்டகைக்குச் சுமக்கிற வேலை போனது. பாத்தி போனதால் சாயங்காலம் குனிகிற வேலையும் போனது. வேறு இடத்தில் துண்டு நிலம் கேட்டுப் பார்த்தார்கள். மிச்ச இடமெல்லாம் தேயிலைக்கு என்று பதில் வந்தது. பந்தல் போன இடத்தில் ரோடு, ரோட்டில் மோட்டர் சைக்கிள், மோட்டர் சைக்கிளில் ரொட்டிக்காரர். பன், தேங்காய் ஜாம் வைத்த காயா ரொட்டி, பிஸ்கட், பாக்கெட் மீ நூடுல்ஸ், டின்பால், கலர்த்தண்ணி. வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். கீரைக்காரர் மட்டும் எந்தக் காலத்திலும் வந்து ஹாரன் அடித்ததில்லை.

எங்களைச் சுற்றிலும் காய்கறி விளைகிற மலை. கியா பார்மில் கடைகட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் தக்காளியும் சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்பார்கள். காரில் வந்து இறங்குகிறவர்களுக்கான விலை அது. எங்களுக்கு அங்கே போகப் பஸ் பிடிக்கவேண்டும். வாசலுக்கு வருவது பன். வேலை விட்டு வந்த பெண் எதைத் தின்பாள்?

அம்மா சதை போட்டாள். முதலில் கன்னம் நிறைந்தது, பிறகு கை. எல்லாரும் கொண்டாடினார்கள். "அக்கா செழிச்சிட்டீங்க", "பாக்க மொதலாளியம்மா மாதிரி இருக்கே" என்றார்கள். பிறந்ததிலிருந்து எலும்பி என்று பெயர் வாங்கினவள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானா ராத்தாவுக்குப் போய், கையில்லாத ரவிக்கை போட்டு, அந்தக் குளிரில், தன் புஜம் தெரிகிற மாதிரி ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துச் மலைக்குக் கீழே சுங்கையில் இருந்த என் மாமாவுக்கு அனுப்பினாள். தங்கை கஷ்டப்படுகிறாள் என்று மாமா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தவர். அந்தப் படத்தைப் பார்த்து அவர் நிம்மதியடைந்தார் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் சந்தோஷப்பட்டதை நான் மறைக்கப் போவதில்லை. சாப்பாடு என்பது வயிறு நிறைவது என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அம்மா மட்டும் இல்லை. கீழ் லயத்தில் ரோட்டைப் பார்த்த வீடுகளில் ஒவ்வொருத்தியும் கனத்தாள். மேல் லயத்துக்கு ரோடு போகவில்லை. அங்கே பாத்திகளும் இருந்தன, ஏற்ற இறக்கமும் இருந்தது, ரொட்டிக்காரர் அங்கே ஏறமாட்டார். அவர்கள் பழையபடி குச்சியாகவே இருந்தார்கள். அதே சம்பளம், அதே கோயில், பாதிப்பேர் எங்களுக்குச் சொந்தக்காரர்கள். திருவிழாவில் இரண்டு லயத்துப் பெண்களும் ஒன்றாக நின்றால் வித்தியாசம் தெரியும். நாங்கள் அவர்களைப் பார்த்துப் பாவப்பட்டோம். ரோடு இல்லாத ஆளுங்க என்று.

பிறகு அம்மாவுக்கு மூட்டு வலிக்க ஆரம்பித்தது. மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரெசர் பார்த்துவிட்டு, இனிப்பு நீர், சர்க்கரை வியாதி இருக்கிறது, உடம்பைக் குறை என்றார். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பிடாமல் இருப்பது. காலையில் வெறும் வயிற்றோடு போய் மலையில் மயங்கி விழுந்தாள். தெளியவைக்கக் கொடுத்தது சீனித் தண்ணி.

எண்பதுகள் வந்தன. நான் தானா ராத்தாவில் நாலாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் புதிதாக ஒரு மலை திறந்தார்கள். செங்குத்து. லோரி அதன் அடிவாரத்திலேயே நின்றுவிடும், மேலே காலால்தான் ஏறவேண்டும். கீழ் லயத்து ஆட்களுக்கு அந்த மலை என்று ஆபீஸில் முடிவாகிவிட்டது. கூடவே ஒரு பேச்சு வந்தது. ஆளுக்கு இவ்வளவு கொழுந்து என்று ஒரு நிறை வைத்திருக்கிறார்கள், தொடர்ந்து அதற்குக் கீழே போகிறவர்களின் பெயரை எடுத்துவிடுவார்கள், மலை ஏறக்கூடிய ஆட்களுக்கு வீடுகள் தேவைப்படுகின்றன என்று. கங்காணி வாசல் வாசலாக வந்து சொன்னார். எங்கள் வாசலில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்.

"ஏறிடுவியாம்மா?" என்று கேட்டார்.

"ஏறாம? எம் பொண்ணு அடுத்த வருசம் அஞ்சாம் பாரம் பரீட்ச எழுதணும் கங்காணி. அதுவரைக்கும் இந்த வீடு வேணும். தவந்தாவது ஏறிடுவேன்லா" என்றாள் அம்மா.

அந்த ஒரு விஷயம்தான் அப்புறம் எங்கள் வீட்டில் பேச்சு. நான் பரீட்சை எழுதும்வரை அம்மா மலை ஏறவேண்டும். நிறை தேறவேண்டும். வீடு நிற்கவேண்டும். சனிக்கிழமைகளில் நான் கியா பார்முக்குப் போய், கடைக்காரர்கள் முட்டைக்கோஸை அழகாக அடுக்குவதற்காக உரித்துப் போடும் வெளி இலைகளைப் பையில் பொறுக்கிக்கொண்டு வருவேன். காய்கறி நாட்டிலே வாழ்ந்து நாங்கள் தின்ற காய்கறி அதுதான். பக்கத்தில் யாரோ சிங்கப்பூர்க்காரர்கள் அந்த முட்டைக்கோஸ் அடுக்கோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் அவர்கள் போகும்வரை காத்திருப்பேன்.

அம்மாவின் நிறை தேறவில்லை. மலை உச்சிக்குப் போய்ச் சேரவே அவளுக்குப் பாதிக் காலை போய்விடும். அப்போதுதான் சின்னம்மா அந்த வேலையை ஆரம்பித்தாள். ஒருநாள் இறங்கும்போது அம்மாவின் வயிற்றைத் தட்டி, "என்னாக்கா, மாசமாயிட்டீங்களா? இந்தாங்க" என்று ஒரு கைப்பிடியைக் கூடையில் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்து, "இரட்டைப் புள்ளடி, ரெண்டு கைப்பிடி போடு" என்றாள். மறுநாளும் போட்டாள். அடுத்த வாரம் எல்லாரும் போட்டார்கள். கேலியாகவே போட்டார்கள், அப்படிப் போட்டால்தான் அம்மா வாங்குவாள் என்று அவர்களுக்குத் தெரியும். அம்மாவின் நிறை தேற ஆரம்பித்தது. வீட்டில் மறுபடி பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குகூட ஓடியது.

அந்தச் சமயத்தில் நிறை எழுதும் குமாஸ்தாவாகப் புதுக் கிராணி வந்தார். ஈப்போக்காரர். எஸ்டேட் பார்க்காதவர், கண்ணாடி போட்டவர், யாரையும் நீ என்று சொல்லமாட்டார். பள்ளி விடுமுறையில் ஒருநாள் நான் அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு நிறுவை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். மலையடியில் லோரி நின்றது. லோரிக்குப் பக்கத்தில் முக்காலி கட்டித் தராசு தொங்கியது. பெண்கள் வரிசையாக நின்றார்கள். அம்மாவின் கூடையில் ஒருத்தி கைப்பிடி போட்டாள், இன்னொருத்தி போட்டாள். கிராணி பார்த்துவிட்டார்.

"என்ன செய்றீங்க? எதுக்கு அவங்க கூடையில போடுறீங்க?"

கங்காணி அன்றைக்கு இல்லை. இருந்திருந்தால் இருமிச் சமாளித்திருப்பார். திருட்டு நிறை என்று எழுதிவிட்டால் எல்லார் பெயரும் போகும். சின்னம்மா பயந்துபோய், பழக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"மாசமா இருக்காங்க கிராணி. மாசமா இருந்தா போடுறது எங்க வழக்கம்."

கிராணி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். நம்பிவிட்டார். நம்பும்படியான வயிறுதான் அது. அவர் முகத்தில் கோபம் போய் இரக்கம் வந்தது. அதுதான் வினை.

"அப்படின்னா இவங்கள ஏன் இந்த மலைக்கு அனுப்புனாங்க? இது தப்பு. நான் ஆபீஸ்ல சொல்லி லேசான வேலைக்கு மாத்தச் சொல்றேன்" என்றவர், குரலைத் தணித்து, அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எந்தப் பகுதியிலம்மா வேலை செய்றாரு?"

லோரி டிரைவர்கூடப் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டான். எனக்குக் கையில் இருந்த தேத்தண்ணி சுட்டதும் தெரியவில்லை.

"சுடுகாட்டுலங்க" என்றாள் அம்மா. "பர்மனெண்டு."

யாரோ ஒருத்தி அடக்கமுடியாமல் சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. பிறகு மொத்த வரிசையும் சிரித்தது. பயத்தில் வந்த சிரிப்பு, நிறுத்தமுடியாத சிரிப்பு. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அம்மா. கண்ணில் தண்ணீர் வர, வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்த வயிறு குலுங்குவதைக் கிராணி பார்த்தார். அவர் முகம் சிவந்துபோனது. தன்னை வைத்துக் கூத்தடிக்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும்.

அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். கூடையை எடுத்து, வரிசைக்கு முன்னால், தரையில் கவிழ்த்தாள். பிறகு வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் கையால் கிள்ளினது இவ்வளவுதான் இருக்கும் என்று ஒரு குவியலை மட்டும் கூடையில் அள்ளிப்போட்டுத் தராசில் மாட்டினாள். மிச்சத்தை யாரும் எடுக்கவில்லை. லோரி கிளம்பும்போது அதன் மேலேயே ஏறிப் போனது.

அன்று சாயங்காலம் சின்னம்மா வந்து வாசலில் நின்று அழுதாள். அம்மா கதவைத் திறந்து, "உள்ளார வா, பனி வுழுது" என்றாள். அவ்வளவுதான், திட்டவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து யாரிடமும் கைப்பிடி வாங்கவில்லை. நான் கெஞ்சினேன். "அம்மா, வாங்கிக்கம்மா, ஒரு வருஷந்தானம்மா" என்று காலைப் பிடித்தேன். "தாலியறுத்தவ வயித்த மலை முழுக்கக் காட்டியாச்சு. இனிமே முடியாது" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அன்றைக்கு வந்த கோபம் முழுசாகப் போகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நிறை இறங்கியது. அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலிசெய்யச் சொல்லக் கங்காணிதான் வந்தார். பாவம், அவருக்கும் சங்கடம். எதையாவது சொல்லவேண்டுமே என்று, "ஒடம்பக் கொஞ்சம் பாத்திருக்கலாம்மா நீயி" என்றார். நான் உள்ளே இருந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இன்றைக்கு என்றால் கேட்டிருப்பேன்: அந்த உடம்பை அவள் தனியாகவா வளர்த்தாள்? பாத்தியை எடுத்தது யார், ரொட்டியை வாசலுக்கு விட்டது யார், நடையைப் பிடுங்கிக்கொண்டு திடீரென்று செங்குத்து மலையில் ஏறச் சொன்னது யார்? சதை மட்டும் அவளுடையதாம். மற்றதெல்லாம் எஸ்டேட்டுடையது.

டவுனில் ஒரு பாயுடைய சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. அம்மா அங்கே தட்டும் மங்கும் கழுவினாள். பாய் நல்ல மனிதர், மிஞ்சினதையெல்லாம் எங்களுக்கே கொடுத்தார். மிஞ்சுவது சோறும் ரொட்டியும் குழம்பின் எண்ணெயும். அறைக்கும் குழாயடிக்கும் நடுவில்தான் அவள் நடமாட்டம். இன்னும் கனத்தாள். நான் பரீட்சை எழுதினேன், தேறவில்லை. அந்த வருஷம் நான் எங்கே உட்கார்ந்து படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. தாய் மாதிரியே சோம்பேறி என்று சொந்தத்திலேயே சொன்னார்கள். அதற்கும் சில வருஷம் கழித்துத்தான் அந்த டாக்டர், காய்கறி சாப்பிடச் சொன்னது.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது டாக்டர் இல்லை. வீட்டைக் காலிசெய்த அந்தக் காலைதான்.

சாமான் ஏற்ற எஸ்டேட்டிலிருந்து லோரி அனுப்பினார்கள். அம்மா கேட்டு வாங்கின அதே லோரி. பெஞ்சு, பாய், அப்பா படம், இரண்டு பெட்டி. எங்கள் வீடே அவ்வளவுதான். வழக்கம்போல அம்மா பின்பக்கம் ஏறப் போனாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள், உடம்பு எழும்பவில்லை. நான் பின்னால் இருந்து தள்ளினேன். சின்னம்மாவும் வந்து தள்ளினாள். முடியவில்லை. கீழ் லயத்து வாசல்களில் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் புதுசு, கோலா தெர்லா பக்கத்து ஆள். அவன் இறங்கி வந்து, "முன்னுக்கு ஏறுங்கக்கா" என்று கதவைத் திறந்துவிட்டான். முன்சீட்டு கங்காணிக்கும் கிராணிக்கும் உள்ள இடம். இத்தனை வருஷத்தில் கொழுந்து எடுக்கிற ஒருத்தியும் அதில் உட்கார்ந்ததில்லை.

அம்மா உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். நான் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் இடுங்கிக்கொண்டேன். லோரி லயத்துக்குப் பின்னால் திரும்பி, ரோட்டில் ஏறியது. அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மா என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"மெதுவாப் போப்பா" என்றாள். "இந்த எடத்துல எங் கீரப் பாத்தி இருக்கு."

டிரைவர் வெளியே எட்டிப் பார்த்தான். தார் ரோடுதான் இருந்தது. அம்மாவுக்கு லோரி என்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, "பயப்படாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினான்.